அரைநாள் பூவுக்கு ஒரு தாள்

பசையம்மா ஒட்டியது பிரிந்ததாக வரலாறே கிடையாது. ஒரு வீட்டில் கல்யாணப் பத்திரிகை உறைகளை அவளிடம் கொடுத்து ஒட்டி வாங்கினார்கள். உறையைப் பிரிக்க முடியாமல் சொந்தக்காரர் ஒருவரும் வந்து சேரவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோக்காரரும் மட்டும் நின்று கல்யாணம் முடிந்தது. இன்னொரு வீட்டு ஜன்னல் விரிசலுக்கு அவள் ஒட்டிய காகிதம், வீட்டை இடித்து ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் மூன்று நாள் அந்தரத்தில் நின்றது. சரி, இதில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்துவிடலாம். உறைகளைக் கத்தரியால் வெட்டினார்கள், எல்லாரும் வந்தார்கள், நாற்காலிதான் போதவில்லை. மீதிக் கால்வாசி சத்தியம்: ஒரு கல்லூரியின் செடித்தாள் அறையில் முப்பத்தொரு வருஷம் அவள் ஒட்டிய எந்தச் செடியும் தாளைவிட்டு ஒரு நூல்கூட நகரவில்லை.

செடித்தாள் அறை என்பதைக் காய்ந்த செடிகளின் நூலகம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்லூரியின் பின்கட்டில் மாடிப்படிக்கு அடியில் தொடங்கி நீளமாகப் போகும் அறை. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி. கதவைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறும்; வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அவள் தும்மிக்கொண்டே இருந்தாள், அப்புறம் வெளிக்காற்றுதான் அவளுக்குத் தும்மலைக் கொண்டுவந்தது. பேராசிரியரும் மாணவர்களும் வெளியூர் போய்ப் பறித்துவரும் செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் விரிக்க வேண்டும். இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் அடுக்கி, வாரால் இறுக்கிக் கட்டி, தினம் தாள் மாற்றி, ஈரம் வற்றியதும் கெட்டியான வெள்ளைத் தாளில் ஒட்ட வேண்டும். பசையை அவளே காய்ச்சுவாள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவதால் பசைக்கு லேசான நீலம். அவள் நகக்கண்ணுக்கும் அதே நீலம். தண்டு தடியாக இருந்தால் ஊசி நூலால் இரண்டு தையல், முடிச்சு பின்பக்கம். கடைசியில் வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு. அதில் ஐந்து வரி: செடியின் பெயர், அதன் குடும்பம், எடுத்த இடம், எடுத்த தேதி, எடுத்தவர்.

ஒட்டியவர் என்று ஆறாவது வரி கிடையாது. அதைப் பற்றி அவள் குறைபட்டுக்கொண்டதும் கிடையாது. மாணவர்கள்தான் அவளுக்குப் பசையம்மா என்று பெயர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

பேராசிரியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு தாளில் வேர், பூ, காய் மூன்றும் இருக்க வேண்டும், அதுவும் ஒரே செடியுடையதாக. ஒன்று குறைந்தாலும் தாளைத் திருப்பிப் போட்டுவிடுவார். பாதிச் செடி என்பது பாதி மனுஷன் மாதிரி, அதற்கு ஓட்டுரிமை கொடுக்க முடியாது என்பார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். பசையம்மா சிரிக்க மாட்டாள். மூன்றும் இருக்கிற தாளை ஒட்டும்போது கைக்கு ஒரு நிறைவு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவளுக்கு விடுமுறை வரும் நாளில் அவருக்கு மதியச் சாப்பாட்டை டெப்போவுக்கே கொண்டுபோவாள். டெப்போவுக்குப் பின்னால் ஒரு பாறைமேடு. அவள் ஓய்வு பெறுவதற்கு எட்டு வருஷம் இருக்கும்போது, ஒரு நாள் அவர் வண்டி வரத் தாமதமானது. சாப்பாட்டுக் கூடையோடு அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்தாள். காலடியில் சாணளவு உயரத்தில் ஒரு செடி. ஊசிபோல் சதைப்பற்றான இலை, சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உச்சிவெயில் ஏறியதும் எல்லாப் பூவும் ஒன்றுபோல மூடிக்கொண்டன. முப்பதாயிரத்துக்கு மேல் செடிகளை ஒட்டிய கை அவளுடையது. இது இதுவரை ஒட்டாத செடி என்று அந்தக் கை சொன்னது.

ஒரு கிளையைப் பறித்து மறுநாள் பேராசிரியரிடம் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை.

"பூ எங்க?"

"மூடிக்கிச்சு சார். காலையில மட்டும்தான் திறக்கும் போல."

"வேர்?"

அவள் கிளையின் ஒடிந்த நுனியைக் காட்டினாள். அவர் கொஞ்சம் இரங்கினார். எனக்கும் பார்த்த ஞாபகம் இல்லை, மூன்றும் சேர்த்து முழுசாக ஒரு தாள் கொண்டுவாருங்கள், எடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையே போட்டு அலமாரியில் வைக்கிறேன் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. அவளுக்கு அன்றைக்குப் பசை இரண்டு தடவை அடிப்பிடித்தது.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது பாறைமேட்டில் பாதி இல்லை. கிடங்கு கட்டுவதற்காக மண்வாரும் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. மீதிப் பாதி எப்போது போகும் என்று கேட்டதற்கு இயந்திரக்காரர் டீ குடித்துவிட்டு என்றார். பசையம்மாவும் அவள் புருஷனும் சாப்பாட்டுத் தட்டாலும் டயர் கழற்றும் கம்பியாலும் தோண்டி ஒன்பது செடிகளை எடுத்தார்கள். அந்த மேட்டு மண் வேண்டுமென்று இரண்டு சாக்கு நிறையச் சரளையும் அள்ளினார்கள். பேருந்தில் ஏற்றக் கூடாது என்று சட்டம், ஓட்டுகிறவரே ஏற்றினார். ஒன்பது செடிகளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தன.

வீட்டுத் தோட்டம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, மதிலை ஒட்டி, படுத்தால் ஒரு ஆள் நீளம். அதில் சரளையைக் கொட்டி நட்டார்கள். பெயர் தெரியாத செடிக்கு அரைநாள் என்று அவர்களாகவே பெயர் வைத்தார்கள்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் அதை எட்டிப் பார்த்தாள்.

"ஊரே களை புடுங்குது. எங்க அண்ணி களைக்கு மண்ணு கொண்டாந்து நடுறாங்க."

"களை இல்ல. அரைநாள்," என்றார் அவள் அண்ணன்.

"ஒரு நாளுக்குக்கூட லாயக்கில்லாததா?"

பசையம்மாவுக்குச் செத்த செடியைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எந்த இலை காய்ந்தால் கறுக்கும், எந்தப் பூ நிறம் விடும், எல்லாம் அத்துப்படி. உயிரோடு இருக்கிற செடிக்கு என்ன வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. முதல் வருஷமே இரண்டு செடி போயின, தோண்டும்போது வேர் அறுந்திருந்தது. இரண்டாம் வருஷக் கோடையில் ஏழும் தரைக்கு மேலே கருகிச் சருகாகிவிட்டன. அடியில் கிழங்கு உயிரோடிருக்கும், மழைக்குத் துளிர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? நாத்தனார் நல்ல மனசோடுதான் துடைப்பத்தை எடுத்து இடத்தைச் சுத்தம் செய்தாள். ஒன்று வேரோடு போனது. பசையம்மா மாடிப்படி ஏறிப்போய்த் துடைப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினாள். அந்தத் துடைப்பம் திரும்பக் கொடுக்கப்படவே இல்லை. அவள் டிரைவர் புருஷன் டெப்போவில் கழித்துக்கட்டிய பேருந்திலிருந்து ஒரு பலகையைக் கழற்றிவந்து செடிகளின் முன்னால் நட்டார். ஓட்டுநரிடம் பேசாதீர் என்று அதில் எழுதியிருந்தது. நாத்தனாருக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஆறும் பூத்தன. அவள் நல்லதாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். போவதற்குள் பூ மூடிவிட்டது. அடுத்த வருஷம் மரச்சட்டத்தையும் வாரையும் வீட்டுக்கே எடுத்துவந்து, செடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, திறந்த பூவைத் திறந்தபடியே தாளில் அமுக்கினாள். பேராசிரியர் பூவைப் பார்த்துத் தலையாட்டினார், அப்புறம் காய் எங்கே என்றார். அந்தக் காய் கடுகு டப்பி மாதிரி ஒரு சின்ன மூடியோடு இருக்கும். முற்றினால் மூடி கழன்று விதை தூளாகக் கொட்டிவிடும். பூ இருக்கும்போது காய் இருக்காது, காய் இருக்கும்போது பூ இருக்காது. இரண்டும் ஒரே செடியில் ஒரே காலையில் வருவது அபூர்வம்.

விதையைத் தூவிப் பார்க்காமல் இல்லை. உடைந்த கோப்பைகளில், ஜன்னல் ஓரத்தில், சலித்த மணலில் எல்லாம் தூவினாள். எறும்புக்கு ஒரு வருஷச் சாப்பாடு ஆனது. கிழங்கை நறுக்கி வைத்தாள், பூஞ்சணம் பிடித்தது. பேராசிரியரைக் கேட்டதற்கு, வளர்ப்பது தோட்டக்காரன் வேலை, நம் வேலை இருப்பதைப் பதிவு செய்வது என்றார். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாம் வருஷம் ஒன்பது நாள் விடாத மழை. டிரைவர் குடையைப் பிடித்துக்கொண்டு தட்டால் தண்ணீரை இறைத்தார். நாலில் இரண்டு அழுகின. ஆறாம் வருஷம், மீதியிருந்த இரண்டில் ஒன்று பூவும் காயுமாக நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். ஒரு வாரம் கழித்துத் தாளைப் பிரித்தால், அழுத்தத்தில் காயின் மூடி கழன்று, விதையெல்லாம் செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்தில் சிந்திக் கிடந்தது. பேராசிரியர் இந்த முறை பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். காய் இருந்த இடம் தெரிகிறது, காய் தெரியவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். மறுநாள் அவருக்கே பிரிவுபசாரம். அதைச் சொன்னவரும் மறந்துவிட்டார், கேட்டவளுக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

ஏழாம் வருஷம் கடைசிச் செடி பூக்கவே இல்லை. இலை விட்டது, வாடியது, அடங்கியது. எட்டாம் வருஷம் டிரைவர் ஓய்வுபெற்று, முதுகுவலியோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம் கண்ணாடி வழியாக ஓடுகிற ஊரைப் பார்த்தவருக்கு, ஓடாத ஒன்றை உட்கார்ந்து பார்ப்பது புதுசாக இருந்தது. காலையில் எத்தனை மணிக்குப் பூ திறக்கிறது, எந்த வண்டு வருகிறது என்று கால அட்டவணை மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். பசையம்மா ஓய்வுபெற இருபத்திரண்டு நாள் இருந்தது. அதற்கப்புறம் அந்த அறைச் சாவி அவளிடம் இருக்காது.

ஒரு காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். இரண்டு பூ திறந்திருந்தது. அடிக்கிளையில் ஒரு காய், மூடி கழலாமல்.

"மூணும் வந்திருக்கு," என்றாள்.

"பாத்தேன். விடியும்போதே பாத்தேன்."

"ஏன் என்னை எழுப்பல?"

"எழுப்பினா புடுங்குவ."

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருக்கறது ஒண்ணு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே," என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"அது இருக்கற வரைக்கும். இல்ல நாம இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கடைசி ட்ரிப் முடிஞ்சா வண்டி டெப்போவுக்குப் போயிடும்."

"நான் ஒட்டின செடியில எத்தனையோ இப்ப எங்கயும் இல்லங்க. ஆனா இருந்துச்சுன்னு தாள் சொல்லுது. இதுக்குத் தாள் இல்லன்னா, இப்படி ஒண்ணு இருக்கவே இல்லன்னு ஆயிடும். நாம சொன்னா யாரு நம்புவா?"

வெயில் மதில் உச்சியைத் தொட்டது. உச்சிவேளைக்கு இன்னும் நேரம் இருந்தாலும், முடிவெடுக்கும் நேரம் அதைவிடக் குறைவு என்று இருவருக்கும் தெரியும். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய், அவரே சட்டத்தையும் வாரையும் தூக்கி வந்தார். செய்தித்தாளைக் காற்று புரட்டாமல் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, முகத்தை மாடிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். காய் மேல் அழுத்தம் விழாமலிருக்க அவள் சுற்றிலும் பஞ்சு வைத்தாள். அந்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அந்தத் தாளைப் போல அவள் ஒன்றும் ஒட்டியதில்லை. மூன்றும் இருந்தன. பூவின் மஞ்சள் போகவில்லை. காயின் மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. பசை ஒரு சொட்டுகூட இலைக்கு வெளியே கசியவில்லை. சீட்டை அவளே எழுதினாள். பெயர்: தெரியவில்லை. குடும்பம் என்ற இடத்தைப் பேராசிரியரின் நாற்காலிக்கு வந்திருந்த புது மேடத்துக்காக விட்டாள். இடம்: வீட்டுத் தோட்டம், துணிக்கம்பிக்குக் கீழே. தேதி. எடுத்தவர் என்ற இடத்தில், நாற்பதாயிரம் சீட்டுகளுக்குப் பிறகு, தன் பெயர். எழுதி முடித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்குமோ என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

அந்த மேடம் சின்ன வயசு, அதட்டாத ஆள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இது என்னன்னே எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நம்ம அலமாரியில இல்ல. வேற எங்கயும் பாத்ததா ஞாபகமும் இல்ல."

பசையம்மாவின் காதுமடல் சூடானது. மேடத்தின் பார்வை அப்புறம்தான் கீழ்மூலைச் சீட்டுக்கு வந்தது. வந்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. அறையில் உள்ள தாள்களெல்லாம் தலைநகரத்தில் உள்ள பெரிய நிலையத்துக்குப் போகப்போகின்றன என்றும், தானாக முளைத்ததை மட்டும்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்றும் விளக்கினார். வீட்டில் வளர்த்தது சேர்த்தி இல்லை. பசையம்மா பாறைமேட்டிலிருந்து தொடங்கி நடந்ததைச் சொன்னாள், கேட்டுவிட்டு மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"பாறைமேட்டுலேர்ந்து எடுத்ததுதானேம்மா? மேடுன்னு எழுதிக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் கேக்கல."

வெறும் சீட்டு ஒன்றும் பேனாவும் மேஜைமேல் நகர்ந்து வந்தன. பசையம்மா பேனாவை எடுத்தாள்.

"தேதி என்ன போடறதும்மா?"

"செடிய எடுத்த தேதிதான்."

"அந்தத் தேதியில அங்க கிடங்கு இருக்கும்மா."

"அப்ப எட்டு வருஷத்துக்கு முந்தின தேதி போடுங்க."

"அன்னிக்கு இந்தப் பூ பூக்கலியே," என்றாள். பேனாவை மூடி, சீட்டையும் மேடத்தின் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

எவ்வளவோ பேர் பொய் எழுதியிருப்பார்கள், அந்தச் சீட்டுகளையும் நீதானே ஒட்டியிருப்பாய் என்று டிரைவர் பின்னால் சொல்லிப் பார்த்தார். ஒட்டியது நான், எழுதியது நான் இல்லை என்றாள். மேடம் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. தோட்டச் செடிகள் என்று எழுதிய அட்டைப்பெட்டியில், மாணவர்கள் பரீட்சைக்காக ஒட்டிய குரோட்டன்ஸ் இலைகளோடு பத்திரமாக வைத்தார். அவளுடைய கடைசி வேலைநாளில் லாரி வந்து அலமாரிகளை ஏற்றியது. பட்டியலில் பெட்டி இல்லை. காலியான அறையில் உடைந்த பெஞ்சுகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள், பெட்டி மாடிப்படிக்கு அடியில் போனது. மேடம் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் பழைய விடைத்தாள்களோடு அதையும் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பசையம்மா விஷயம் தெரிந்து அந்தக் கடைக்குப் போனபோது, அந்த லோடு கூழாகி மூன்று நாள் ஆகியிருந்தது. கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார், முக்கியமான காகிதமா என்று. இல்லை, ஒரு செடி என்றாள். அவருக்குப் புரியவில்லை, அவளும் புரியவைக்கவில்லை.

துணிக்கம்பிக்குக் கீழே சரளை அப்படியே கிடக்கிறது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, சிந்திய விதை எதுவும் முளைக்கவில்லை. டிரைவர் இப்போது முன்வாசலில் உட்காருகிறார். நாத்தனார்கூட அதைப் பற்றிக் கேலி பேசுவதில்லை.

இதில் ஒரே ஒரு ஆறுதல் உண்டு. அந்தக் கடைசிச் செடி எப்படியும் அந்த வருஷத்தைத் தாண்டியிருக்காது. மழையில் ஊறி வேர் அழுகிப்போய், சாகிற அவசரத்தில்தான் பூவையும் காயையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. அவள் பிடுங்காவிட்டாலும் மண்ணே விட்டிருக்கும்.

இவ்வளவு நேரமும் நான் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பசையம்மா இந்த இடத்தில் திருத்தினாள்.

"அழுகல்லாம் இல்ல. வேரு சுண்டுவிரல் தடிமன், வெள்ளையா இருந்துச்சு. நல்லாப் பிடிச்சிருந்துச்சு. ஒரு கையில வரல. ரெண்டு கையாலயும்தான் இழுத்தேன்."